மூட்டை கட்டத் தெரிந்த நாற்காலி

வடக்கே வேலைக்கு வந்த நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றல் உத்தரவு வந்ததும் முதலில் விலை போவது கட்டில், அப்புறம் சோபா, கடைசியில் பால்கனி நாற்காலி. லாரி வாடகையைக் கணக்குப் போட்டால், மரச்சாமானை விட்டுவிட்டுப் போவதே லாபம் என்று தோன்றும். புது ஊரில் மறுபடி ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. நாலு ஊர் பார்த்த எங்கள் வீட்டிலும் இதே கதைதான். டேராடூன் வந்த பிறகுதான், இந்தத் தலைவலிக்குப் பக்கத்து ஊரில் நூறு வருஷத்துக்கு முன்பே மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஊர் ரூர்க்கி.

ரூர்க்கி என்றால் நமக்கு ஐ.ஐ.டி.தான் ஞாபகம் வரும். அந்தப் பெயர் 2001ல் வந்தது. கல்லூரி 1847லேயே தொடங்கிவிட்டது. கங்கைக் கால்வாய் வெட்டப் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள், அதற்காக. கால்வாய் 1854ல் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் தொழிலாகக் கொண்ட பெங்கால் சாப்பர்ஸ் படை இங்கே வந்து தங்கியது. இன்றைக்கும் அதன் தலைமையிடம் ரூர்க்கிதான்.

இந்த ராணுவப் பொறியியல் வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்ததுதான் ரூர்க்கி நாற்காலி. வெள்ளைக்கார அதிகாரிகள் முகாமுக்கு முகாம் மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. (தூக்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை!) பளு குறைய வேண்டும், கழற்றிச் சுருட்ட முடிய வேண்டும், மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்க வேண்டும். மூன்றும் ஒரே நாற்காலியில் கிடைத்தன. 1899ல் தொடங்கிய போயர் யுத்தத்துக்கு இது தென்னாப்பிரிக்கா வரை போனது.

அப்படி என்ன விசேஷம்? நாலு கால், நாலு குறுக்குச் சட்டம், முதுகுக்கு இரண்டு குச்சி. உட்காரவும் சாயவும் கித்தான் துணி. கை வைக்கத் தோல் வார். அவ்வளவுதான். மூட்டுகளில் ஆணி இல்லை, பசையும் இல்லை. சட்டத்தின் நுனி, சீவிய பென்சில் மாதிரி கூம்பாக இருக்கும்; காலில் அதே சரிவில் ஒரு குழி. செருகினால் முடிந்தது. நாம் உட்கார்ந்ததும் துணி இரண்டு பக்கச் சட்டங்களையும் உள்பக்கம் இழுக்கிறது, கால்கள் நெருங்குகின்றன, முன்சட்டமும் பின்சட்டமும் குழிக்குள் இன்னும் இறுகுகின்றன. அதாவது உட்காருகிற ஆளின் எடைதான் பசை! எழுந்தால் மூட்டு தளரும். அந்தத் தளர்ச்சியால்தான் ஒவ்வொரு காலும் தரைக்கு ஏற்றபடி தானே ஊன்றிக்கொள்கிறது.

பசை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தச்சர் பசை என்பது மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. நம் மழைக்காலத்து ஈரத்தில் அது இளகிவிடும். மரமும் மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கும். செருகல் மூட்டு இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

நம்மூர் ஈசிசேரை நினைத்துப் பாருங்கள். துணி, அதன் மடிப்பில் ஒரு கம்பு. (தாத்தா உட்காரும் முன் அந்தக் கம்பை உருவிய பேரன்கள் கை தூக்கவும் :-)) துணியையே ஆசனமாக்கும் யோசனை நமக்குப் புதிதல்ல. அதன் சட்டத்தையும் முழுசாகக் கழற்றிப் பையில் போடலாம் என்று காட்டியது ரூர்க்கி.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. லு கொர்புசியே, பியர் ஜானரே, ஷார்லட் பெரியாண்ட் மூவரும் 1928ல் பாரிஸில் ஒரு நாற்காலி செய்தார்கள். எஃகுக் குழாய், அசையும் முதுகு, தோல் வார்க் கைகள். ரூர்க்கி வகை நாற்காலிதான் அதற்கு முன்மாதிரி என்று வடிவமைப்பு வரலாறு எழுதுபவர்கள் கருதுகிறார்கள். 1933ல் டென்மார்க்கின் கோரே கிளிண்ட் செய்த ‘சஃபாரி’ நாற்காலி இன்னும் நேரடியான வாரிசு. அதே ஜானரே 1951ல் சண்டிகர் கட்ட வந்தார், 1965 வரை இருந்தார். அங்கே அலுவலகங்களுக்காக நம் தச்சர்கள் தேக்கிலும் பிரம்பிலும் செய்த நாற்காலிகள் பிற்பாடு கழிவாகக் குவிந்து, அற்ப விலைக்கு ஏலம் போய், வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றன. 2011ல் உள்துறை அமைச்சகம் தலையிட்டு அவற்றை விற்கக்கூடாது என்று உத்தரவு போட வேண்டி வந்தது. அவற்றுக்கு ஜானரேயின் பெயர் இருக்கிறது. செய்த தச்சர்களின் பெயர் இல்லை. ரூர்க்கி நாற்காலிக்கோ ஊர்ப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

மரவேலையில் அரிச்சுவடி படிப்பவர்கள் இதில் தாராளமாகக் கை வைக்கலாம். அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் 2014ல் ராணுவ மரச்சாமான்கள் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, உலகம் முழுக்க வீட்டுத் தச்சர்கள் இதைச் செய்கிறார்கள். நானும் எங்கள் பால்கனிக்கு ஒன்று செய்தேன். ஷீஷம் மரம், நம் தோதகத்திக்குச் சொந்தக்காரன். ரேகை நேராக ஓடும் கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கால்கள் ஒன்றரை அங்குலச் சதுரம், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். ஒரே காலில் வரும் இரண்டு குழிகளும் முட்டிக்கொள்ளாமல் ஒன்றைச் சற்று மேலே தள்ளி வையுங்கள். குழியும் நுனியும் ஒரே சரிவில் இருப்பது ஒன்றுதான் கறாரான கணக்கு. அதற்கு மட்டும் சஹாரன்பூர்க்காரர் ஒருவரின் கடைசல் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு நுனியைச் செருகி, தட்டிப் பார்த்து, “இதற்கு ஃபெவிகால் வேண்டாமா சார்?” என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், அசைந்து பார்த்தார், சிரித்தார்.

கழற்றினால் ஒரு கட்டு விறகு அளவுதான் வருகிறது. ரயில் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாம். ஊர் ஊராகப் போகிறோம் என்பதற்காகப் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வளர வேண்டியதில்லை. அப்பா, அம்மா கையால் செய்த ஒரு நாற்காலியாவது கூடவே வரட்டும்.