குரோசியர் முனைக் குளிர்காலப் பயணம்

குரோசியர் முனைக் குளிர்காலப் பயணம் என்பது 1911 ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் ஆகஸ்ட் 1 வரை அண்டார்க்டிக்காவின் ராஸ் தீவில் மூன்று பிரித்தானியர் மேற்கொண்ட ஆய்வுப் பயணமாகும். பேரரசப் பென்குயின்களின் முட்டைகளைக் கரு வளர்ச்சியின் தொடக்க நிலையில் சேகரித்து வருவதே இதன் நோக்கம். எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செரி-கராட் ஆகிய மூவரும் சூரியன் உதிக்காத துருவ இரவில், தாமே சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு இப்பயணத்தைச் செய்தனர். அண்டார்க்டிக்காவின் நடுக்குளிர்காலத்தில் மேற்கொள்ளப்பட்ட முதல் நெடும்பயணமாக இது கருதப்படுகிறது. மூன்று முட்டைகள் மட்டுமே இப்பயணத்தின் பயனாகக் கொண்டுவரப்பட்டன.

பின்னணி

ராபர்ட் பால்க்கன் ஸ்காட்டின் தலைமையில் 1901 முதல் 1904 வரை நடைபெற்ற டிஸ்கவரி ஆய்வுப்பயணத்தின்போது, 1902 ஆம் ஆண்டில் ராஸ் தீவின் கிழக்கு முனையான குரோசியர் முனையில் பேரரசப் பென்குயின்களின் குடியிருப்பு ஒன்று கண்டறியப்பட்டது. இப்பறவைகள் இனப்பெருக்கம் செய்யும் இடம் மனிதருக்குத் தெரியவந்தது இதுவே முதன்முறை. அக்குழுவில் மருத்துவராகவும் விலங்கியலாளராகவும் இருந்த வில்சன் 1903 இன் வசந்தகாலத்தில் அங்கு சென்றபோது, முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளிவந்திருந்தன. எனவே இப்பறவைகள் கடுங்குளிர்காலத்திலேயே முட்டையிடுகின்றன என்பதை அவர் உணர்ந்தார். வளர்ச்சியின் தொடக்க நிலையில் உள்ள கரு வேண்டுமானால் குளிர்காலத்தின் நடுவே அங்கு செல்ல வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

ஸ்காட்டின் இரண்டாம் ஆய்வுப்பயணம் இதற்கு வாய்ப்பளித்தது. டெரா நோவா என்ற கப்பல் 1910 ஜூன் 15 அன்று கார்டிஃப் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, நவம்பர் இறுதியில் நியூசிலாந்தை விட்டு நீங்கியது. 1911 ஜனவரித் தொடக்கத்தில் ராஸ் தீவின் மேற்குக் கரையை அடைந்தது. அங்கு எவான்ஸ் முனையில் குழுவினர் தங்கும் குடில் கட்டப்பட்டது. இம்முறை வில்சன் அறிவியற் குழுவின் தலைவராக இருந்தார்.

அறிவியல் நோக்கம்

ஜெர்மானிய உயிரியலாளர் எர்ணஸ்ட் ஹெக்கல் முன்வைத்த கருத்தின்படி, ஓர் உயிரினத்தின் கரு வளரும்போது அதன் முன்னோர் கடந்து வந்த படிவளர்ச்சி நிலைகளைத் திரும்பவும் கடந்து செல்கிறது. பறக்கும் ஆற்றலற்ற பென்குயின் மிகத் தொன்மையான பறவை என்றும் அக்காலத்தில் பலர் நம்பினர். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கியதால், பேரரசப் பென்குயினின் கருவில் ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடையிலான தொடர்பைக் காணலாம் என்று வில்சன் எதிர்பார்த்தார். குறிப்பாக, ஊர்வனவற்றின் செதில்களிலிருந்து பறவைகளின் இறகுகள் எவ்வாறு தோன்றின என்ற கேள்விக்கு இக்கரு விடை தரக்கூடும் எனக் கருதப்பட்டது.

இதனுடன் மற்றொரு நோக்கமும் இருந்தது. அடுத்த கோடையில் தென் துருவத்தை நோக்கிச் செல்லவிருந்த குழுவுக்கு ஏற்ற உணவின் அளவை இப்பயணத்தில் சோதித்துப் பார்க்க ஸ்காட் விரும்பினார். அதன்படி உலர் இறைச்சியும் கொழுப்பும் கலந்த பெமிகன், ரொட்டி, வெண்ணெய் ஆகிய மூன்று உணவுகளே எடுத்துச் செல்லப்பட்டன. பவர்சுக்குப் பெமிகனும், செரி-கராடுக்கு ரொட்டியும், வில்சனுக்கு வெண்ணெயும் கூடுதலாக ஒதுக்கப்பட்டன.

பயணக் குழுவினர்

* எட்வர்ட் வில்சன் (1872–1912): இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தவர். மருத்துவர், பறவையியலாளர், ஓவியர். பயணத்தின் தலைவர்.
* ஹென்றி பவர்ஸ் (1883–1912): ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஆய்வுப்பயணத்தில் சேருவதற்கு முன் ராயல் இந்தியன் மரைன் என்ற கடற்படைச் சேவையில் பணியாற்றினார். குள்ளமான உருவமும் குளிரைத் தாங்கும் வியத்தகு ஆற்றலும் கொண்டவர்.
* ஆப்ஸ்லி செரி-கராட் (1886–1959): ஆக்ஸ்போர்டில் கல்வி கற்றவர். உதவி விலங்கியலாளராகச் சேர்க்கப்பட்டார். கிட்டப்பார்வைக் குறைபாடு உடையவர். கடுங்குளிரில் மூக்குக்கண்ணாடியின் மீது பனி படிந்துவிடுவதால் பயணத்தின் பெரும்பகுதியில் அதை அவரால் அணிய இயலவில்லை.

செல்வழி

எவான்ஸ் முனையிலிருந்து குரோசியர் முனை, சென்ற வழியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மூவரும் இரண்டு சறுக்குவண்டிகளில் ஏறத்தாழ 340 கிலோகிராம் எடையுள்ள உணவு, எரிபொருள், கருவிகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஜூன் 27 அன்று புறப்பட்டனர். நண்பகலில் அடிவானத்தில் தோன்றும் மங்கிய ஒளியும், நிலவு உள்ள நாட்களில் அதன் ஒளியும் தவிர வேறு வெளிச்சம் இல்லை. பெரும்பாலும் மெழுகுவர்த்தி விளக்கின் உதவியுடனேயே வழி தேட வேண்டியிருந்தது.

ராஸ் பனித்தட்டின் மீது ஏறியதும் குளிர் கடுமையாயிற்று. மிதமான குளிரில் வண்டிச் சட்டத்தின் உராய்வினால் பனியின் மேற்பரப்பு சிறிது உருகி வழுக்கும் தன்மையைப் பெறுகிறது. மிகக் குறைந்த வெப்பநிலையில் இவ்வாறு நிகழ்வதில்லை. பனித்துகள்கள் மணலைப் போல் வண்டியைப் பற்றிக்கொள்கின்றன. இதனால் இரு வண்டிகளையும் ஒருசேர இழுக்க முடியவில்லை. ஒரு வண்டியைச் சிறிது தூரம் இழுத்துச் சென்று நிறுத்தியபின், திரும்பி வந்து மற்றதை இழுத்துச் சென்றனர். ஒரு கிலோமீட்டர் முன்னேற மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. சில நாட்களில் மொத்த முன்னேற்றம் 3 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை.

ஜூலைத் தொடக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை -60.8 பாகை செல்சியஸ் ஆகும். வியர்வையும் மூச்சுக்காற்றின் ஈரமும் ஆடைகளில் உறைந்து அவற்றைத் தகடுபோல் ஆக்கின. கூடாரத்தை விட்டு வெளியே வந்த சில நொடிகளிலேயே ஆடைகள் இறுகிவிடுவதால், வண்டி இழுப்பதற்கு ஏற்றவாறு முன்கூட்டியே குனிந்து நிற்கப் பழகிக்கொண்டனர். கலைமான் தோலால் ஆன தூக்கப்பைகளில் பனிக்கட்டி சேர்ந்து, பயண முடிவில் அவற்றின் எடை ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. ஒவ்வொரு இரவும் உறைந்த பையை உடல் வெப்பத்தால் சிறிது சிறிதாக இளக்கியே உள்ளே நுழைய முடிந்தது.

கற்குடிலும் பென்குயின்களும்

ஜூலை 15 அன்று மூவரும் குரோசியர் முனையை அடைந்தனர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில், கற்களால் சுவர் எழுப்பி, ஒரு சறுக்குவண்டியை உத்தரமாக வைத்து, அதன்மீது கித்தான் துணியைக் கூரையாக விரித்துக் குடில் ஒன்றை அமைத்தனர். எண்ணெய் குறைந்துவிட்டதால், பென்குயினின் கொழுப்பை எரித்து அடுப்பை இயக்கலாம் என்பது அவர்களின் திட்டம்.

பென்குயின்கள் கீழே கடற்பனியின் மீது இருந்தன. அங்கு செல்லும் வழியில் பனித்தட்டு நிலத்தை நெருக்குவதால் உண்டான பனிமேடுகளும் ஆழ்ந்த பிளவுகளும் நிறைந்திருந்தன. ஜூலை 19 அன்று செய்த முதல் முயற்சி தோல்வியுற்றது. மறுநாள் பனிச்சுவரில் இருந்த குறுகிய துளை ஒன்றின் வழியாக ஊர்ந்து சென்று, வில்சனும் பவர்சும் கடற்பனியில் இறங்கினர். செரி-கராட் கயிற்றுடன் மேலே நின்றார்.

பல நூறு பறவைகளை எதிர்பார்த்துச் சென்ற அவர்கள் கண்டது ஏறத்தாழ நூறு பென்குயின்களை மட்டுமே. முட்டை இல்லாத சில பறவைகள் பனிக்கட்டித் துண்டுகளை முட்டை எனக் கொண்டு கால்களின் மீது வைத்து அடைகாத்துக் கொண்டிருந்ததையும் அவர்கள் கண்டனர். ஐந்து முட்டைகளை எடுத்துக்கொண்டு, கொழுப்புக்காக மூன்று பறவைகளைக் கொன்று தோலுரித்தனர். திரும்பும் வழியில், இருளில் தடுமாறிய செரி-கராடின் கையுறைகளுக்குள் இருந்த இரண்டு முட்டைகள் உடைந்தன. எஞ்சியவை மூன்று.

பனிப்புயல்

ஜூலை 22 அன்று கடும் புயல் வீசத் தொடங்கியது. குடிலின் அருகே அடிக்கப்பட்டிருந்த கூடாரத்தைக் காற்று தூக்கிச் சென்றது. மறுநாள் குடிலின் கித்தான் கூரையும் கிழிந்து சிதறியது. அன்று வில்சனின் 39 ஆவது பிறந்தநாள். மூவரும் தூக்கப்பைகளுக்குள் புகுந்து, தம்மீது பனி மூட, புயல் ஓயும்வரை படுத்திருந்தனர். உற்சாகம் குன்றாதிருக்க அவ்வப்போது பாடல்களையும் தேவாலயப் பண்களையும் பாடினர். ஏறத்தாழ இரண்டு நாட்கள் அவர்களால் உணவு சமைக்க இயலவில்லை.

கூடாரம் இன்றி அக்குளிரில் திரும்பிச் செல்வது இயலாத செயல். புயல் தணிந்தபின் தேடிச் சென்ற பவர்ஸ், சுமார் 800 மீட்டர் தொலைவில் சரிவின் கீழே கூடாரம் பெருஞ்சேதமின்றிக் கிடப்பதைக் கண்டார். இக்கண்டுபிடிப்பே மூவரின் உயிரையும் காத்தது. மேலும் முட்டைகள் சேகரிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, ஜூலை 25 அன்று ஒரே வண்டியுடன் திரும்பத் தொடங்கினர். வழியில் பவர்ஸ் ஒரு பனிப்பிளவில் விழுந்து இழுவாரில் தொங்கினார். கயிற்றின் நுனியில் கண்ணி இட்டுக் கீழே விடும்படி கூறி, அதில் கால்வைத்துப் படிப்படியாக மேலேறினார். ஆகஸ்ட் 1 அன்று மூவரும் எவான்ஸ் முனைக் குடிலை அடைந்தனர்.

முட்டைகளின் பின்வரலாறு

வில்சனும் பவர்சும் ஸ்காட்டுடன் 1912 ஜனவரி 17 அன்று தென் துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் அவ்வாண்டு மார்ச் இறுதியில் உயிரிழந்தனர். அவர்களின் உடல்களை 1912 நவம்பரில் கண்டெடுத்த தேடுதல் குழுவில் செரி-கராடும் இருந்தார்.

1913 ஆம் ஆண்டில் அவர் மூன்று முட்டைகளையும் லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நேரில் ஒப்படைத்தார். அங்கு தாம் அலட்சியமாக நடத்தப்பட்டதாகப் பின்னர் எழுதினார். கருக்களை ஆராயும் பொறுப்பு முதலில் ரிச்சர்ட் ஆஷ்டனிடம் தரப்பட்டது. அவர் 1915 இல் இறந்ததால் எடின்பரோவின் காசர் யூவர்ட்டிடம் சென்றது. இறுதியாக 1934 இல் பார்சன்ஸ் என்ற விலங்கியலாளர் வெளியிட்ட ஆய்வறிக்கை, இக்கருக்கள் பென்குயினின் கரு வளர்ச்சி பற்றிய அறிவுக்குப் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை என்று முடிவு கூறியது.

அதற்குள் ஹெக்கலின் கோட்பாடும் அறிவியலாளரிடையே செல்வாக்கு இழந்திருந்தது. பென்குயின்கள் தொன்மையான பறவைகள் அல்ல, பறக்கும் முன்னோரிடமிருந்து தோன்றியவை என்பதும், அல்பட்ராஸ் முதலிய கடற்பறவைகளே அவற்றின் நெருங்கிய உறவினம் என்பதும் இன்று அறியப்பட்டுள்ளன.

முக்கியத்துவம்

முதன்மை நோக்கம் நிறைவேறாவிடினும் இப்பயணம் பயனற்றது எனக் கூற இயலாது. பேரரசப் பென்குயின்கள் குளிர்காலத்தில் அடைகாப்பதை மனிதர் நேரில் கண்டது இதுவே முதன்முறை. பெண் பறவை மே, ஜூன் மாதங்களில் ஒரே ஒரு முட்டையிட்டு உணவுக்காகக் கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் பறவை அம்முட்டையைத் தன் கால்களின்மீது வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, ஏறத்தாழ 65 நாட்கள் உணவின்றி அடைகாக்கும் என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இப்பயணத்தின் பட்டறிவு தென் துருவப் பயணத்திற்கான உணவு அளவை வகுக்கவும் பயன்பட்டது. செரி-கராட் 1922 இல் எழுதிய "உலகின் மிக மோசமான பயணம்" என்ற பொருள்படும் தலைப்புடைய நூல் பயண இலக்கியத்தின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. டெரா நோவா ஆய்வுப்பயணம் முழுவதையும் அந்நூல் விவரித்தாலும், தலைப்பு இக்குளிர்காலப் பயணத்தையே குறிக்கிறது.

பிற்கால நிலை

கற்குடிலின் எச்சங்களை 1957 இல் எட்மண்ட் ஹில்லரியின் குழுவினர் மீண்டும் கண்டறிந்தனர். அண்டார்க்டிக் உடன்படிக்கையின் கீழ் அவை 21 ஆம் எண் வரலாற்றுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. குரோசியர் முனையும் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளுள் ஒன்று என்பதால், அனுமதிச் சீட்டு இன்றி அங்கு நுழைய இயலாது.

பென்குயின் குடியிருப்பு இடையூறுகளைச் சந்தித்துள்ளது. 2000 ஆம் ஆண்டில் ராஸ் பனித்தட்டிலிருந்து பிரிந்த பி-15 என்ற மாபெரும் பனிப்பாறையின் ஒரு பகுதி இவ்விடத்தை அடைத்ததால், 2001 இல் அங்கு இனப்பெருக்கம் தடைப்பட்டது. பின்னர் பறவைகள் மீண்டும் பெருகின.

பேரரசப் பென்குயின்கள் குஞ்சு வளர்ப்பதற்கு உறுதியான கடற்பனி இன்றியமையாதது. 2022 ஆம் ஆண்டில் கடற்பனி முன்கூட்டியே உடைந்ததால் பெலிங்ஸ்ஹவுசன் கடற்பகுதியின் ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் குஞ்சுகள் பிழைக்கவில்லை எனச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதே ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இப்பறவையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப்படி அறிவித்தது. 1911 இல் குடியிருப்பு ஒன்றை எட்டுவதற்கு மூவர் ஐந்து வாரம் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. இன்று கண்டம் முழுவதிலும் உள்ள குடியிருப்புகள், பனியில் படியும் எச்சத்தின் பழுப்பு நிறத்தைக் கொண்டு, விண்ணிலிருந்தே இனங்காணப்படுகின்றன.