மூன்று கதைகள், மூன்று சர்க்கார் சொற்கள்

1947 ஆகஸ்ட் 15 அன்று இரண்டு நாடுகளும் பிறந்துவிட்டன. அவற்றுக்கிடையே எல்லை எது என்பது ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியிடப்பட்டது. கோட்டைப் போட்ட ராட்கிளிஃப் டில்லி வந்து சேர்ந்தது ஜூலை 8. அதற்கு முன் அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டி இங்குமங்கும் போனவர்கள் ஒரு கோடிக்கும் மேல். இறந்தவர்கள் 2 லட்சம் என்பவர் உண்டு. 20 லட்சம் என்பவரும் உண்டு. இடையிலுள்ள 18 லட்சம் பேர் செத்தார்களா பிழைத்தார்களா என்பதற்குச் சரித்திரத்தில் பதிலில்லை.

இந்த இடத்தில் சிறுகதை என்ன செய்ய முடியும்? கணக்கைச் சரிசெய்வது அதன் வேலை அல்ல. கண்ணீரைக் கூட்டிக் காட்டுவதும் அல்ல. அன்று சர்க்கார் காகிதங்களிலும் தொண்டர்கள் வாயிலும் சில நல்ல சொற்கள் புழங்கின: பாதுகாப்பு, மீட்பு, பரிமாற்றம். இச்சொற்கள் ஒரு தனி மனிதன்மேல் வந்து இறங்கும்போது என்ன நேர்கிறது என்று பார்த்த கதைகளே இன்றும் நிற்கின்றன.

கிருஷன் சந்தரின் 'பெஷாவர் எக்ஸ்பிரஸ்' அப்படிப் பார்க்கவில்லை. அதில் ரயிலே கதை சொல்கிறது. எல்லைக்கு அந்தப் புறம் நடந்த கொலைகளுக்கு இந்தப் புறக் கொலைகள் ஈடாக வைக்கப்படுகின்றன. முடிவில் நல்ல காலம் பற்றிய கனவு. ஆசிரியரின் நேர்மையில் சந்தேகமில்லை. ஆனால் இரு தட்டும் சமமாக நிற்கவேண்டும் என்ற கவலையில், தட்டில் கிடப்பவன் யார் என்பது மறந்துபோகிறது. நியாயம் கிடைக்கிறது, மனிதன் கிடைப்பதில்லை.

மண்ட்டோ தராசைத் தொடவில்லை. 1948-ல் லாகூர் போய்ச் சேர்ந்த அவர் அந்த ஆண்டே 'சியாஹ் ஹாஷியே' என்ற சிறு தொகுப்பை வெளியிட்டார். சில துணுக்குகள் இரண்டு மூன்று வரிகளே. கொன்றவனைத் திட்டாமல், செத்தவனுக்கு அழாமல் எழுதியது முற்போக்கு எழுத்தாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஹசன் அஸ்கரி முன்னுரை எழுதியது கோபத்தை இன்னும் வளர்த்தது. 'கோல் தோ' கதையில் கிழவர் சிராஜுதீன், அகதி முகாமில் மகள் சகீனாவைத் தேடுகிறார். லாரியும் துப்பாக்கியும் வைத்திருக்கும் எட்டு இளைஞர்கள் தேடித் தருவதாகச் சொல்கிறார்கள். தம் மதத்தவர், தொண்டர்கள், பாதுகாவலர்கள். அவர்களிடம் அகப்பட்ட பெண், டாக்டர் ஜன்னலைத் திறக்கச் சொன்னதும் என்ன செய்கிறாள் என்பதில் கதை முடிகிறது. டாக்டருக்கு வேர்த்துவிடுகிறது. தகப்பனோ, மகள் உயிரோடிருக்கிறாள் என்று சந்தோஷத்தில் கத்துகிறார். அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல நமக்கு வாய் வராது. கதையை வெளியிட்ட 'நுகூஷ்' பத்திரிகை ஆறு மாதம் தடை செய்யப்பட்டது.

ராஜிந்தர் சிங் பேதி கையிலெடுத்தது 'மீட்பு' என்ற சொல்லை. கடத்தப்பட்ட பெண்களைத் திருப்பி ஒப்படைக்க இரு அரசுகளும் 1947 டிசம்பரில் ஒப்புக்கொண்டன. 1949-ல் இந்தியாவில் சட்டமும் வந்தது. ஒரு பெண் எந்த மதத்தில் பிறந்தாள், எவர் வீட்டில் இருக்கிறாள் என்பதே அதற்குப் போதும். அவள் சம்மதம் தேவையில்லை. 'லாஜ்வந்தி'யில் சுந்தர்லால் இத்தகைய பெண்களை ஏற்கச் சொல்லி ஊர்வலம் போகும் கமிட்டியின் செயலாளர். தன் மனைவி திரும்பி வந்ததும் ஏற்றுக்கொள்கிறான். முன்பு அடித்தவன் இப்போது தேவி என்கிறான். நடந்ததை அவள் சொல்ல வாயெடுத்தால், பழசை மறப்போம் என்கிறான். சண்டை போடவும் சமாதானமாகவும் இருந்த பழைய லாஜோவாக அவள் இனி ஆகவே முடியாது. சட்டமும் ஜெயித்தது, சீர்திருத்தமும் ஜெயித்தது. அவள் மட்டும் வீடு வந்து சேரவில்லை.

மனநோயாளிகளையும் மதம் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். 1950-ல் நடந்த அந்தப் பரிமாற்றம்தான் 'டோபா டேக் சிங்' கதைக்கு அடி. தன் ஊர் எந்த நாட்டில் என்று கேட்கும் பிஷன் சிங்குக்குச் சரியான பதில் இருக்கிறது: பாகிஸ்தானில். அதைக் கேட்டபின்தான் அவன் எல்லையைத் தாண்ட மறுத்து, இரண்டு நாட்டுக்கும் சேராத மண்ணில் விழுகிறான்.

மனிதர்களை எண்ணிப் பிரிப்பது பஞ்சாபோடு முடியவில்லை. 1964-ல் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அவர்களையும் பாதிப்பாதியாக்கினார்கள். கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு இங்கே வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பலர் பிறந்ததே அங்கேதான். திரும்புவதற்கு அவர்களுக்கு எந்த ஊர் இருந்தது?

இவர்களைப் பற்றி இரங்கி எழுதுவது சுலபம். இரக்கம் பெரும்பாலும் சுந்தர்லால் வேலையைத்தான் செய்யும்: ஏற்றுக்கொள்ளும், பேச விடாது. 'தாயகம்' என்ற சொல்லை அவர்கள் வாயில் வைத்துப் பார்க்கும் கதையே நமக்கு வேண்டியது. அது நம்மைக் கேட்கும் கேள்விக்கு அட்லஸில் பதில் இருக்கலாம். பிஷன் சிங்குக்கும் இருந்தது.