ஐந்தேகால் அடி

ஒரு நாட்டின் ரயில்பாதை எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்பதை மண்ணும் மலையும் ஏற்றும் பாரமும் சேர்ந்து முடிவு செய்யும் என்றுதான் நாம் எண்ணிக்கொள்வோம். அயர்லாந்தில் அதை முடிவு செய்தவை ஒரு சண்டையும் ஒரு சராசரிக் கணக்கும். அங்கே இரு தண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 3 அங்குலம், அதாவது ஐந்தேகால் அடி. மில்லிமீட்டரில் சொன்னால் 1600. பிரிட்டன் பாதையைவிட ஆறரை அங்குலம் அதிகம், நம் அகலப்பாதையைவிட மூன்று அங்குலம் குறைவு.

அந்தத் தீவின் முதல் ரயில் இந்த அளவில் ஓடவில்லை. 1834 டிசம்பரில் டப்ளின் நகரின் வெஸ்ட்லண்ட் ரோவிலிருந்து கிங்ஸ்டவுன் துறைமுகத்துக்குப் பாதை திறந்தபோது, அதன் அகலம் இங்கிலாந்தில் ஸ்டீவன்சன் பரப்பிய அதே 4 அடி எட்டரை அங்குலம். வடிவமைத்தவர் சார்ல்ஸ் விக்னோல்ஸ், கட்டி முடித்த ஒப்பந்ததாரர் வில்லியம் டார்கன். ஆறு மைல் நீளமே உள்ள பாதை என்பதால் அகலத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்னொரு பாதையோடு சேரவேண்டிய நாள் வரும்வரை அகலம் ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்து அரசாங்கம் ஒரு ஆணையம் அமைத்தது. தாமஸ் ட்ரம்மண்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த ஐரிஷ் ரயில்வே ஆணையம் 6 அடி 2 அங்குலத்தைப் பரிந்துரைத்தது. இது கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அளவு அல்ல. அன்றைய இன்ஜினியர்களில் பலர் அகலமான பாதையை விரும்பினார்கள். சக்கரங்களுக்கு இடையே இடம் கூடினால் பெரிய கொதிகலனைத் தாழ்வாக வைக்கலாம், வண்டி ஆடாமல் வேகமாக ஓடும் என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்தில் புரூனல் ஏழடிப் பாதையே போட்டுக்கொண்டிருந்தார். அயர்லாந்தோ தீவு, அதன் பாதை எந்த அயல்நாட்டுப் பாதையோடும் தரைவழியே சேரப்போவதில்லை. ஆகவே நல்லது என்று தோன்றிய அளவைத் தேர்ந்தெடுக்க அதற்கு முழு உரிமை இருந்தது.

அந்தப் பரிந்துரையை வேதவாக்காக எடுத்துக்கொண்டது பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ரயில்வே கம்பெனி. 1839-ல் லிஸ்பர்ன் வரையிலும், 1842-ல் போர்ட்டடௌன் வரையிலும் 6 அடி 2 அங்குலத்தில் பாதை போட்டது. அதே வேளையில் தெற்கே டப்ளினிலிருந்து டிராகடாவுக்குப் பாதை போடக் கிளம்பிய கம்பெனி, செலவைக் கணக்குப் பார்த்து 5 அடி 2 அங்குலம் போதும் என்று முடிவு செய்தது. இரண்டும் என்றாவது ஒருநாள் நடுவில் சந்தித்து டப்ளினையும் பெல்ஃபாஸ்டையும் சேர்க்க வேண்டியவை. சரியாக ஓரடி வித்தியாசம்! அரசு ஆணையம் சொன்னபடி பணத்தைக் கொட்டிய அல்ஸ்டர்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் சொல்வேன்.

வழக்கு லண்டனில் வணிக வாரியத்தின் முன் போனது. அங்கே ரயில்வே தலைமை ஆய்வாளராக இருந்தவர் மேஜர் ஜெனரல் சார்ல்ஸ் பாஸ்லி. ராணுவப் பொறியாளர், ஸ்பிட்ஹெட் கடலடியில் மூழ்கிக் கிடந்த ‘ராயல் ஜார்ஜ்’ போர்க்கப்பலின் சிதைவை வெடிமருந்து வைத்துத் தகர்த்து அகற்றியவர். 1843-ல் அவர் அன்றைய முன்னணி ரயில் இன்ஜினியர்களிடம் கருத்துக் கேட்டார். பதில்கள் 5 அடிக்கும் 5 அடி 6 அங்குலத்துக்கும் இடையே விழுந்தன. நடுவே ஒரு புள்ளியை வைத்தார் பாஸ்லி: 5 அடி 3 அங்குலம். ஐரிஷ் பாதையின் பிறப்பைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு இதுதான்.

கவனியுங்கள், இந்த அளவை அயர்லாந்தில் எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. அங்கே ஒரு கஜ தூரத்துக்குக்கூட அப்படி ஒரு பாதை அப்போது கிடையாது. ஐரோப்பாவில் ஜெர்மானியப் பாடன் அரசு மட்டும் 1840-ல் 1600 மில்லிமீட்டரில் பாதை போட்டிருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதுவும் அந்த அளவைக் கைவிட்டுவிட்டது. இன்ஜினியரிங் அறிவு கண்டுபிடித்த உன்னத அகலம் என்று ஐந்தேகால் அடியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத அளவு என்பதால்தான் எல்லோராலும் அதை ஏற்க முடிந்தது. வடக்கின் அளவை எடுத்திருந்தால் தெற்குக்குத் தோல்வி, தெற்கின் அளவை எடுத்திருந்தால் வடக்குக்குத் தோல்வி. பாஸ்லியின் சராசரியில் இருவருமே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

1846-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கியது: பிரிட்டனுக்கு 4 அடி எட்டரை அங்குலம், அயர்லாந்துக்கு 5 அடி 3 அங்குலம். அல்ஸ்டர் கம்பெனி இழப்பீடு வாங்கிக்கொண்டு தன் தண்டவாளங்களைப் பதினோரு அங்குலம் நெருக்கிப் போட்டது. கிங்ஸ்டவுன் பாதை 1857-ல் மாறியது. இதற்கிடையே 1855-ல் டிராகடாவில் பாய்ன் ஆற்றின் மேல் ஜான் மக்நீலின் பெரும்பாலம் முடிந்து, டப்ளினும் பெல்ஃபாஸ்டும் ஒரே பாதையில் இணைந்தன.

சராசரி கடலும் தாண்டியது. சிட்னி ரயில்வே கம்பெனியின் இன்ஜினியர் பிரான்சிஸ் ஷீல்ட்ஸ் அயர்லாந்துக்காரர். 1850-ல் தன் ஊர் அளவையே ஆஸ்திரேலியாவிலும் வைக்கலாம் என்று அதிகாரிகளைச் சம்மதிக்க வைத்தார். விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் அதை நம்பி வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தன. பிறகு ஷீல்ட்ஸ் விலக, அவருக்குப் பின் வந்தவர் சிட்னியை 4 அடி எட்டரை அங்குலத்துக்கு மாற்றிவிட்டார். மற்ற இரண்டு காலனிகளும் பின்வாங்க மறுத்தன. சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிறவர்கள் எல்லையில் இறங்கி வேறு ரயில் ஏறும் தொல்லை 1962 வரை நீடித்தது. அயர்லாந்தில் சண்டையைத் தீர்த்த அதே எண் ஆஸ்திரேலியாவில் நூறாண்டுத் தலைவலியானது.

அயர்லாந்திலோ 1920-களில் நாடே இரண்டாகப் பிரிந்தது. எல்லைக்கோடு வந்தது, சுங்கச் சாவடி வந்தது. பாதையின் அகலம் மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. 1947-ல் டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் இடையே ‘என்டர்பிரைஸ்’ ரயில் நடுவில் எங்கும் நிற்காமல் ஓடத் தொடங்க முடிந்ததற்கு 1843-ன் தீர்ப்பும் ஒரு காரணம்.

இந்த அளவுக்கு இன்றைக்கும் விலை கொடுப்பவர்கள் பழைய ரயில்களைக் காப்பாற்றுகிறவர்கள். நீராவி யுகம் முடிந்தபோது பிரிட்டனின் ஆர்வலர்களுக்கு வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்கு வாய்த்தது. அங்கே உடைபடக் காத்திருந்தவற்றிலிருந்து 213 இன்ஜின்களை மீட்டார்கள். அவற்றில் ஒன்றுகூட அயர்லாந்துக்கு உதவாது. அங்குள்ள தண்டவாளத்தில் அவை நிற்கவே முடியாது. தன் மண்ணில் மிஞ்சியதை மட்டுமே அயர்லாந்து காப்பாற்றிக்கொள்ள முடியும், தவறினால் என்றென்றைக்கும் போனதுதான்.

அதனால்தான் 1964-ல் அயர்லாந்து ரயில்வே பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களின் அவசரம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆன்ட்ரிம் மாவட்டத்தின் வைட்ஹெட்டில் பணிமனை அமைத்துக்கொண்டு, எல்லையின் இரு பக்கமும் நீராவி ரயில் ஓட்டுகிற சங்கம் அது. மொத்தம் 111 கட்டப்பட்ட ஒரு சரக்கு இன்ஜின் வகையில் இன்று இருப்பவை இரண்டே; அதில் 1879-ல் பிறந்த 186-ஆம் எண் இவர்களிடம் வந்து சேர்ந்தது. 1947-ல் இங்கிலாந்தின் டார்பியில் ஐரிஷ் அளவுக்கென்றே கட்டப்பட்ட 4-ஆம் எண், 1970 வரை நெடுஞ்சாலை வேலைக்குக் கல்மண் இழுத்துவிட்டு இவர்களிடம் வந்தது. உதிரி பாகம் தேய்ந்தால் பக்கத்து நாட்டில் கடன் கேட்க முடியாத இடங்களில் புதிதாக வார்த்தும் கடைந்தும் செய்துகொள்ள வேண்டும். சங்கத்தின் இதழுக்கே ‘ஃபைவ் ஃபுட் த்ரீ’ என்று பெயர்.

மாதிரி ரயில் செய்கிறவர்களையும் பாஸ்லியின் சராசரி விடவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பரவலான அளவுத்திட்டத்தில் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர். ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் ரயிலுக்கே 18.83 வேண்டும், அவர்கள் சிறு குறையைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். ஐரிஷ் ரயிலுக்கோ 21 வேண்டும். நாலரை மில்லிமீட்டர் குறை என்பது நிஜத்தில் ஓரடி ஒன்றரை அங்குலம். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால் அகன்ற உடலுக்குக் கீழே சக்கரங்கள் ஒட்டி நிற்கும், ஐரிஷ் ரயிலின் கம்பீரமான நிலைப்பே போய்விடும். டோனகால், கிளேர் பக்கத்தின் மூன்றடிக் குறும்பாதைகளை மாதிரி செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு வேண்டிய 12 மில்லிமீட்டர் ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒரு அளவு.

அகலப்பாதைக்காரர்களில் பெரும்பாலோர் 16.5-ஐ ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் ஒப்புவதில்லை. ஸ்லீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, 21 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துத் தண்டவாளத்தைக் கையாலேயே பதிக்கிறார்கள். பாதை பிரியும் இடங்களில் நகரும் நாக்குகளை அரத்தால் தேய்த்து உருவாக்குகிறார்கள். இன்ஜினின் அச்சை நீளமாக்கினால் உள்சட்டத்தையும் அகலப்படுத்த வேண்டும், அதற்கும் கை சளைப்பதில்லை. நான் இவர்கள் பக்கம். அண்மைக் காலத்தில் ஆயத்தமாக வரும் ஐரிஷ் மாதிரிகள் சிலவற்றில், 16.5 சக்கரங்களைக் கழற்றிவிட்டு 21-க்கு மாற்றிக்கொள்ளத் தோதாக அடியில் இடம் விட்டே செய்கிறார்கள்.