விளையாட்டின் நதிமூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்பது முன்னோர் வாக்கு. தேடிச் சென்றால் பெருமைக்குரிய ஒன்றின் பிறப்பிடம் வெறும் சேற்றுச் சுனையாக இருந்துவிடக் கூடும் என்ற அச்சமே அவ்வாக்கிற்குக் காரணம் போலும். வீடியோ விளையாட்டின் மூலத்தைத் தேடிச் சென்றவர்களுக்கு நேர்ந்த அனுபவம் வேறு. அங்கே ஒன்றுக்கு ஐந்தாறு சுனைகள் இருந்தன. அவற்றுட் பல, தோன்றிய சில நாட்களிலேயே தூர்க்கப்பட்டவை. 'எது முதல்' என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், எல்லோர் கண் முன்னும் நிகழ்ந்த ஒன்றின் தொடக்கமே இத்துணை விரைவில் மங்கியது எங்ஙனம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1950ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் டொராண்டோ நகரில் கனடிய தேசியப் பொருட்காட்சி நடைபெற்றது. ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமுள்ள ஓர் இயந்திரம் அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. 'பெர்ட்டி' என்று அதற்குப் பெயர். ஒன்பது கட்டங்களில் வட்டமும் பெருக்கற்குறியும் இட்டு ஆடும் சிறுவர் ஆட்டத்தை அது மனிதரோடு ஆடியது. தன் ஆட்டத்தை மின்விளக்குகளால் காட்டியது. அதனைச் செய்தவர் ஜோசப் கேட்ஸ். ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த பொறியாளர் அவர். தாம் கண்டறிந்த 'அடிட்ரான்' என்னும் புதுவகை வால்வை உலகறியச் செய்வதே அவர் நோக்கம். விளையாட்டு அதற்கொரு தூண்டில். நடிகர் டேனி கே அதனை வென்று துள்ளிக் குதித்த காட்சியை லைஃப் இதழ் படம்பிடித்தது. இரண்டு வாரத்தில் பொருட்காட்சி முடிந்தது, பெர்ட்டியும் பிரிக்கப்பட்டது. டிரான்சிஸ்டரின் வருகையால் அடிட்ரான் வால்வும் வழக்கொழிந்தது.

அடுத்த ஆண்டு, 1951இல், இலண்டன் மாநகரில் பிரிட்டன் பெருவிழா. ஃபெராண்டி நிறுவனம் 'நிம்ராட்' என்ற கணிப்பொறியை அங்கே வைத்தது. குவியல்களிலிருந்து மாறி மாறி எடுத்து ஆடும் 'நிம்' ஆட்டம் ஒன்றையே அது அறியும். ஜான் பென்னட் என்பாரின் எண்ணம் அது. கணிப்பொறியின் கணித ஆற்றலை மக்களுக்கு விளக்க ஆட்டம் துணை செய்யும் என அவர் கருதினார். மக்களோ கணிதத்தைப் பொருட்படுத்தவில்லை, ஆடத் துடித்தனர். அதே ஆண்டு பெர்லின் கண்காட்சியில் மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்டு அதனிடம் தோற்றார். பின்னர் நிம்ராடும் பிரிக்கப்பட்டது.

1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் டக்ளஸ், மனிதருக்கும் கணிப்பொறிக்கும் இடையே நிகழும் உறவு பற்றிய தம் ஆய்வுக்காக, அதே ஒன்பது கட்ட ஆட்டத்தை 'எட்சாக்' கணிப்பொறிக்கு எழுதினார். ஆடுபவர் தொலைபேசியின் சுழல்வட்டைத் திருப்பித் தம் கட்டத்தைக் குறிப்பார். 35க்கு 16 என அமைந்த ஒளிப்புள்ளிகளில் ஆட்டம் தோன்றும். 1958இல் எட்சாக் பிரிக்கப்பட்டது. எனினும் அதன் செயலைப் போலி செய்யும் இன்றைய கணினிகளில் அவ்வாட்டத்தை இன்றும் ஆடலாம். பொறி அழிந்தது, எழுத்து நின்றது.

எட்சாக் அழிந்த அதே 1958ஆம் ஆண்டு, அக்டோபர் 18. நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பார்வையாளர் நாள். அங்கே பணிபுரிந்த இயற்பியலார் வில்லியம் ஹிகின்பாதம், வறண்ட காட்சிப் பொருள்களால் வருவோர் சலிப்புறுவதைக் கண்டவர். ஆய்வுக்கூடத்துச் சிறு கணிப்பொறியின் கையேட்டில், எறியப்பட்ட பொருள் செல்லும் பாதையைக் கணிக்கும் முறை சொல்லப்பட்டிருந்தது. அதைப் படித்தவருக்கு டென்னிஸ் நினைவுக்கு வந்தது. அவர் சில மணி நேரத்தில் வரைபடம் வரைந்தார். ராபர்ட் டுவோராக் என்னும் நுட்பப் பணியாளர் சில வாரங்களில் கருவியைச் செய்து முடித்தார். ஐந்து அங்குல அலைகாட்டித் திரையில் ஒரு கிடைக்கோடு தரை. ஒரு குறுங்கோடு வலை. துள்ளும் ஒளிப்புள்ளி பந்து. குமிழைத் திருகிக் கோணத்தை அமைத்துப் பொத்தானை அழுத்தினால் பந்து பறக்கும். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் காத்து நின்றனர். அடுத்த ஆண்டு பெரிய திரையோடு மீண்டும் காட்டினர், அவ்வளவே. பின்னர் உறுப்புகளைக் கழற்றி வேறு பணிகளுக்குக் கொண்டனர். ஹிகின்பாதம் காப்புரிமை கோரவில்லை. அரிய செயலொன்றைச் செய்ததாக அவர் எண்ணவே இல்லை.

அவர் நெஞ்சில் வேறொரு சுமை இருந்தது. உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுக்கான மின்னணுச் சுற்றுகளைச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். போர் முடிந்ததும் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பை நிறுவியோருள் ஒருவராகி, அணு ஆயுதப் பரவலைத் தடுக்க வாழ்நாளெல்லாம் உழைத்தார். எறிபொருளின் பாதையைக் கணிக்கும் பொறியைக் கொண்டு அவர் செய்தது ஒரு பந்தாட்டம் என்பதை இப்பின்னணியில் வைத்தே காண வேண்டும்.

ரால்ஃப் பேயர் இவருக்கு நேர் எதிரானவர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938இல் சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். படைத்துறைக் கருவிகள் செய்யும் சாண்டர்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். 1966ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கில் ஒரு பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது, வீடுதோறும் வாளாவிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியை விளையாட்டுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உடனே குறித்துக்கொண்டார். செப்டம்பர் 1ஆம் நாள் அதை நான்கு பக்கமாக விரித்தெழுதி நாளும் இட்டார். தொடர்ந்து செய்த ஒவ்வொரு சோதனைக்கும் தாள் இருந்தது. உடன் உழைத்த பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகியோர் துணையோடு உருவான 'பழுப்புப் பெட்டி', மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் வழியே 1972இல் 'ஒடிசி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுள் விற்பனைக்கு வந்த முதல் கருவி அதுவே. அதற்கு ஒலி இல்லை. எண்ணிக்கை காட்டும் திறனும் இல்லை. திரையில் சில வெண்சதுரங்களே நகரும். ஆடுகளத்தின் ஓவியம் தீட்டிய பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டி ஆட வேண்டும். பெட்டியோடு பகடையும் விளையாட்டு நோட்டுகளும் வந்தன. பழைய தாயக்கட்டை உலகமும் புதிய மின்னணு உலகமும் ஒரே பெட்டிக்குள் கைகோத்த காலம் அது.

அதே ஆண்டின் இறுதியில் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' வந்து நாட்டையே ஆட்கொண்டது. மேக்னவாக்ஸ் வழக்குத் தொடுத்தது. 1972 மே 24 அன்று கலிபோர்னியாவின் பர்லிங்கேம் நகரில் நடந்த ஒடிசி காட்சியின் வருகைப் பதிவேடு சான்றாயிற்று. அதில் அட்டாரியின் நோலன் புஷ்னெல் கையொப்பமிட்டிருந்தார். 1976இல் அட்டாரி உரிமம் பெற்றுச் சமாதானம் செய்துகொண்டது. ஏனைய நிறுவனங்கள் மீதான வழக்கில் 1977 ஜனவரியில் நீதிபதி ஜான் கிரேடி, இத்துறையின் முன்னோடிக் காப்புரிமை இதுவே எனத் தீர்ப்பளித்தார்.

1985இல் நின்டெண்டோ நிறுவனம் அக்காப்புரிமையை வீழ்த்த ஹிகின்பாதத்தின் டென்னிஸைத் துணைக்கு அழைத்தது. அலைகாட்டியில் ஆடியது தொலைக்காட்சிக் குறிப்பலையால் இயங்கியதன்று. ஆகவே அது வீடியோ விளையாட்டு ஆகாது என நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. சட்டத்திற்கு அவ்வரையறை போதும். வரலாற்றுக்குப் போதாது. 'முதல்' என்னும் பட்டம் வரையறைக்கேற்ப இடம் மாறும். விளக்கொளியை ஏற்றால் கேட்ஸ். திரையொளியை ஏற்றால் டக்ளஸ். துள்ளும் பந்தை ஏற்றால் ஹிகின்பாதம். வீட்டுக் கூடத்தை ஏற்றால் பேயர். ஒருவர் மற்றவரைக் களவாடியதாகச் சொல்ல இந்நால்வரிடையே இடமில்லை. திரையைக் கண்ட மனிதன் அதனோடு விளையாட விரும்பினான். வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே விரும்பினான்.

பட்டம் கிட்டாதவர் கதை இன்னொன்றும் உண்டு. விளையாட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து, மாற்றி மாற்றிச் செருகும் கார்ட்ரிட்ஜில் அடைத்த முதல் கருவி, 1976இல் வந்த ஃபேர்சைல்டு 'சேனல் எஃப்'. ஆல்பெக்ஸ் நிறுவனத்தின் வாலஸ் கிர்ஷ்னரும் லாரன்ஸ் ஹாஸ்கெலும் வித்திட்டதைச் சந்தைக்குரியதாக்கிய பொறியாளர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லாசன் என்னும் கறுப்பினத்தவர். அவருடைய துறையினர் அவரை அழைத்துச் சிறப்பித்தது 2011 மார்ச்சில். ஏப்ரலில் அவர் மறைந்தார்.

பேயரின் தாள்களும் பழுப்புப் பெட்டியும் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஹிகின்பாதம் 1994இல் மறைந்தார். அணு ஆயுதப் பரவலுக்கு எதிரான பணிக்காகவே தாம் நினைக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். உலகமோ அவரை டென்னிஸுக்காக நினைக்கிறது. 1997இல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் தன் பொன்விழாவை ஒட்டி அவ்விளையாட்டை மீண்டும் செய்து காட்டியது. 1958இல் அவர் வரைந்த வரைபடங்கள் அழியாமல் இருந்ததால் அது கைகூடிற்று. காப்புரிமை வேண்டாதவரும் வரைபடத்தை எறிந்துவிடவில்லை. தூர்ந்த சுனையில் மீண்டும் நீர் ஊறியது அந்தத் தாள்களின் வழியேதான்.