பெயருக்கு முன்னால் யார் பெயர்?



உங்களில் பலர் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். தினமும் கிளாஸ், பேக்கேஜ் என்று பெயர் வைக்கிறீர்கள். அந்த வழக்கம் வந்த கதையைத் தேடிப் படித்தேன். சுவையாக இருந்தது, பகிர்கிறேன்.

கிளாஸ் என்ற அமைப்பை முதலில் தந்தது சிமுலா 67 என்னும் மொழி. நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் அதை உருவாக்கினார்கள். பிற்காலத்தில் பலர் எழுதிய நிரல்களை ஒன்றாகச் சேர்த்தபோது, ஒரே பெயரை இருவர் வைத்திருந்தால் சிக்கல் வந்தது.

வகுப்பில் இரண்டு செந்தில் இருந்தால் இன்ஷியல் போட்டுக் கூப்பிடுவோம் அல்லவா? ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்காரர்களும் அதையே செய்தார்கள். அதில் நேம்ஸ்பேஸ் வசதி இல்லை. அதனால் கிளாஸ் பெயருக்கு முன் இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனக் காலத்து ‘என்எஸ்’ அப்படி வந்தது. 1997-இல் ஆப்பிள் நெக்ஸ்டை வாங்கிக்கொண்டது. அந்த இரண்டு எழுத்துகள் மட்டும் இன்றும் ஆப்பிள் நிரல்களில் இருக்கின்றன.

ஆனால் இன்ஷியலும் ஒன்றாக அமைந்துவிடலாமே! சன் நிறுவனத்தின் ஜாவா மொழி 1995-இல் வெளிவந்தபின் நல்ல வழி ஒன்று பிறந்தது. இணைய முகவரி ஒருவருக்குத்தான் சொந்தம். அதையே தலைகீழாக எழுதிப் பேக்கேஜ் பெயராக்கினார்கள். சன்.காம் என்பது காம்.சன் ஆயிற்று. தபால் முகவரியில் மாநிலத்தை முதலிலும் கதவு எண்ணைக் கடைசியிலும் எழுதுவது போல. பேக்கேஜ் பெயர் முழுவதும் சிறிய எழுத்து, கிளாஸின் முதல் எழுத்து பெரியது. கணினிக்கு இது தேவையில்லை. படிக்கும் மனிதருக்குத் தேவை. ஜாவாவிலேயே ‘டேட்’ என்ற பெயரில் இரண்டு கிளாஸ் உண்டு. ஒன்று யூட்டில் பேக்கேஜில், மற்றது எஸ்க்யூஎல் பேக்கேஜில். முன்பெயர்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

அந்த முன்பெயர் யாருடையது என்ற கேள்வி பிறகு பெரிதாக வந்தது. 2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா ஈஈ தொகுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக 2017-இல் அறிவித்தது. ஆனால் ‘ஜாவா’ என்ற வணிகப் பெயரின் உரிமை ஆரக்கிளிடமே இருந்தது. ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பேக்கேஜ்களை மாற்றி வளர்ப்பதற்கு 2019-இல் உடன்பாடு ஏற்படவில்லை. எனவே 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9 பதிப்பின் முக்கிய வேலையே, ‘ஜாவாஎக்ஸ்’ என்பதை ‘ஜகார்த்தா’ என்று மாற்றியதுதான். அதற்கு மாற விரும்பியவர்கள் எல்லாரும் தங்கள் நிரல்களில் அந்தப் பெயர் வரும் வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது.

ஆகவே பிள்ளைகளே, நீங்கள் வைக்கும் பெயரை நாளை முன்பின் தெரியாத ஒருவர் படிப்பார். அது அவருக்குப் புரியட்டும். முன்னால் போடும் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஜகார்த்தா மாற்றத்தில் வேலை செய்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.