மேவார் நாட்டு மதில்களும் ஏரிகளும்

சித்தூர் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவு வருவது ஆந்திர நாட்டுச் சித்தூர். அடுத்து வருவது 1963-இல் வெளிவந்த ‘சித்தூர் ராணி பத்மினி’ என்னும் தமிழ்ப் படம். நாங்கள் கணவனும் மனைவியுமாகக் காணச் சென்றது அந்த இரண்டாம் சித்தூரையும், அதனைச் சார்ந்த மேவார் நாட்டு ஏரிகளையுமாகும். எங்களுள் ஒருவருக்குக் கோட்டையின்மேல் நாட்டம்; மற்றவருக்கு நீரின்மேல். இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் என்பதை அங்கே சென்றபின்தான் அறிந்தோம்.

பத்மினியின் கதையை முதலில் சொல்லிவிடுவோம். அலாவுதீன் கில்ஜி சித்தூரைக் கைப்பற்றியது 1303-ஆம் ஆண்டு. அப்படையுடன் சென்ற கவிஞர் அமீர் குஸ்ரு அம்முற்றுகையைப் பற்றி எழுதியுள்ளார். ஆயினும் பத்மினியின் பெயரை அவர் கூறவில்லை. அப்பெயர் புகழ்பெற்றது 1540-ஆம் ஆண்டளவில் மாலிக் முகம்மது ஜாயசி அவதி மொழியில் இயற்றிய ‘பத்மாவத்’ என்னும் காவியத்தால். இடையே இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. வழிகாட்டிகள் பத்மினியின் மாளிகையைக் காட்டிக் கதை சொல்லும்போது நாங்கள் மறுத்துரைக்கவில்லை. கேட்பதற்கு இனிதாகவே இருந்தது. ஆனால், சித்தூரின் துயரத்தை அறிவதற்குக் காவியத்தின் துணை வேண்டியதில்லை.

கோட்டை ஏறத்தாழ 700 ஏக்கர் பரப்புள்ள ஒரு நீண்ட குன்றின்மேல் பரந்து கிடக்கிறது. ஏழு வாயில்களைக் கடந்து ஏற வேண்டும். இராணா கும்பா 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஒன்பது நிலை வெற்றித் தூண் சுமார் 120 அடி உயரம் உடையது. அடிமுதல் முடிவரை சிற்பங்கள்! எங்களுள் கோட்டையை விரும்பியவர் அத்தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். மற்றவர் கேட்ட கேள்விதான் எங்களை வேறு வழியில் திருப்பிற்று: “மாதக்கணக்கில் முற்றுகை நடந்ததே, மலையுச்சியில் இத்தனை ஆயிரம் பேர் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்?”

விடை காலடியிலேயே இருந்தது. பாறையைக் குடைந்தும் கரை கட்டியும் மழைநீரைத் தேக்கிய குளங்கள் எங்கும் உள்ளன. கோமுகம் என்னும் இடத்தில் ஊற்றுநீர் சிவலிங்கத்தின்மேல் வீழ்ந்து குளத்தில் நிறைகிறது. பண்டு 84 நீர்நிலைகள் இருந்தன என்றும், எஞ்சியிருப்பவை 22 என்றும் கூறுவர்.

இனி, பழி சுமந்த ஒரு மன்னனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1567-ஆம் ஆண்டு அக்டோபரில் அக்பர் சித்தூரை முற்றுகையிட்டார். இராணா உதயசிங் காவலை ஜயமல், பத்தா என்னும் வீரர்களிடம் ஒப்படைத்துவிட்டு மலைநாட்டுக்குள் சென்றுவிட்டார். 1568 பிப்ரவரியில் கோட்டை வீழ்ந்தது. பெண்டிர் தீயில் புகுந்தனர். அதன்பின் உள்ளே இருந்தோர் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். பகைவராயினும் ஜயமல், பத்தா இருவரின் வீரத்தை வியந்த அக்பர், யானைமேல் அமர்ந்த அவர்தம் உருவங்களை ஆக்ராக் கோட்டை வாயிலில் நிறுவினார். உதயசிங்குக்கோ கிடைத்தது கோழை என்னும் பட்டம். இராஜபுத்திரர் வரலாற்றை எழுதிய கர்னல் டாட் அவரை மிகக் கடுமையாகவே சாடுகிறார்.

எங்களுக்கு அத்தீர்ப்பு முழுதும் உடன்பாடு அன்று. சித்தூர் வீழ்வதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1559-இல், உதயசிங் ஆரவல்லி மலைகளுக்கு நடுவே உதயபுரத்துக்கு அடிகோலிவிட்டார். அங்கே பிச்சோலா ஏரி முன்பே இருந்தது; பொதியெருது ஓட்டும் வணிகன் ஒருவன் 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பது வழக்கு. உதயசிங் தம் பங்குக்கு உதயசாகர் என்னும் ஏரியையும் உண்டாக்கினார். ஒரு குன்றைச் சூழ்ந்து நின்று வளைத்துவிடலாம். மலைத்தொடர் முழுவதையும் வளைத்தல் எளிதோ? அவர் மகன் பிரதாபசிங் ஆண்டுக்கணக்கில் பணியாது போரிட முடிந்ததற்கு அம்மலைநாடே துணை நின்றது. கோட்டைக்குள் இறந்தவர்களை வணங்குவோம். அதற்காக, ஊரமைத்தவரை இகழ வேண்டியதில்லை.

1615-இல் இராணா அமரசிங் ஜஹாங்கீருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். சித்தூர் திரும்பக் கிடைத்தது; ஆனால், அதன் மதில்களைப் பழுதுபார்த்தல் கூடாது என்பது நிபந்தனை. அதனை மீறிப் பழுதுபார்த்தபோது, 1654-இல் ஷாஜஹான் படையனுப்பிப் புதிய மதில்களை இடிப்பித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1662-இல், பஞ்சத்தால் வாடிய குடிகளுக்கு வேலையும் கூலியும் தரவேண்டி, மகாராணா இராஜசிங் கோமதி ஆற்றின் குறுக்கே கரை எழுப்பத் தொடங்கினார். மதிலுக்குத் தடை, ஏரிக்கரைக்குத் தடையில்லை. இரண்டையும் இணைத்துப் பார்ப்பது எங்கள் கருத்தே. எனினும் அக்கரையின்மேல் நிற்பவர்க்கு அவ்வெண்ணம் எழாமற்போகாது. அத்தனை திண்ணிய கட்டுமானம் அது.

அதுவே இராஜசமந்தம். பணி நிறைவுற்றது 1676-இல். பளிங்குப் படிகள், சிற்பம் நிறைந்த மண்டபங்கள், தோரண வாயில்கள் எனக் கரை முழுதும் அழகு. இவற்றினும் அரியது, இரணசோட பட்டர் என்னும் புலவர் 24 சருக்கங்களில் பாடிய ‘இராஜப் பிரசஸ்தி’ என்னும் வடமொழிக் காவியம். 25 பெருங்கற்களில் அதனைப் பொறித்துக் கரையிலேயே பதித்திருக்கிறார்கள். நம் நாட்டுக் கோயிற்சுவர்களில் மெய்க்கீர்த்தி கண்டு பழகிய கண்களுக்கு, ஏரிக்கரையில் ஒரு காவியம் காண்பது புதுமையாக இருந்தது. இத்தகைய ஏரியும் 2000-ஆம் ஆண்டு வறட்சியில் முற்றும் வற்றிப் போயிற்று. அவ்வாண்டு படிகளின் கீழ் வெறும் தரையே கிடந்தது.

பிச்சோலாவின் நடுவே 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த நீர்மாளிகை இன்று செல்வர் தங்கும் ஓட்டல். நாங்கள் கரையிலிருந்து கண்டதோடு சரி. 1685-இல் கட்டப்பெற்ற ஜயசமந்தம் கடல்போல் விரிந்தது. அதன் கரையில் துதிக்கை உயர்த்தி நிற்கும் பளிங்கு யானைகளைக் குழந்தைகள் மிகவும் விரும்புவர்.

செல்ல விழையும் அன்பர்கள் மழைக்காலம் கழிந்து, ஏரிகள் நிறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் செல்வது நலம். சித்தூருக்கு ஒரு முழுநாள் வேண்டும். உதயபுரத்திலிருந்து இராஜசமந்தம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வழியில் நாததுவாரத்தில் ஸ்ரீநாதரையும் தரிசிக்கலாம். கல்வெட்டுக்களைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும். அப்போதுதான் எழுத்துக்கள் தெளிவாகத் தெரிகின்றன.