கறுப்பு மரணம்: கோள்களைப் பார்த்தவர்களும் நோயாளியைப் பார்த்தவர்களும்

இடைக்கால ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயைப் பற்றிப் பேசும்போது, மதம் மக்களை இருளில் வைத்திருந்தது, மருத்துவம் ஒளியைத் தேடியது என்றொரு எளிய பிரிவினை செய்யப்படுவதுண்டு. அக்கால ஆவணங்கள் அதற்கு இடம் தருவதில்லை.

1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்தை அடைந்த பிளேக், சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மக்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினரைப் பலிகொண்டது என்பது பரவலான மதிப்பீடு. 1348இல் பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப், நோயின் காரணத்தை ஆராய்ந்து கூறுமாறு பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தைப் பணித்தார். 1345 மார்ச் 20 அன்று கும்ப ராசியில் சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்றும் கூடின. அதன் விளைவாக எழுந்த நச்சாவி காற்றைக் கெடுத்தது. கெட்ட காற்றைச் சுவாசித்தவர்கள் மாண்டனர் என்று அறிஞர்கள் விடையளித்தனர். அக்காலத்தின் மிக உயர்ந்த மருத்துவக் கல்வி நிறுவனம், அரிஸ்டாட்டில், கேலன் ஆகியோரின் வழிநின்று முறைப்படி எட்டிய முடிவு இது. ஆயினும் அது ஒரு நோயாளியின் உடலிலிருந்து தொடங்கவில்லை.

மக்களிடையே வேறு விளக்கங்கள் பரவின. இறைவனின் சினத்தைத் தணிக்கத் தம்மைச் சாட்டையால் அடித்துக்கொண்டு, கிறிஸ்துவின் வாழ்நாளைக் குறிக்கும் வகையில் முப்பத்துமூன்றரை நாள் ஊர் ஊராகச் சென்றனர் சிலர். யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்ற வதந்தி அதைவிடக் கொடியது. 1348இல் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள சில்லோன் கோட்டையில் சித்திரவதையால் பெறப்பட்ட வாக்குமூலங்கள் பிற நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. ஸ்ட்ராஸ்பர்க் நகராட்சி மன்றம் யூதர்களைக் காக்க முயன்றது. கைவினைஞர் சங்கங்களின் ஆதரவோடு அம்மன்றம் கவிழ்க்கப்பட்டது. 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்கள் அவர்களது இடுகாட்டிலேயே நூற்றுக்கணக்கில் எரிக்கப்பட்டனர். அவர்களிடம் பட்ட கடன்கள் செல்லாதவையாயின. அவர்களது பணம் பங்கிடப்பட்டது. அந்நகருக்கு அதுவரை பிளேக் வந்திருக்கவே இல்லை.

இப்பழியை வெளிப்படையாக மறுத்தவர், அவிஞோனில் இருந்து ஆண்ட திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட். நோய் இறைத்தண்டனை என்றே அவரும் நம்பினார். ஆயினும் 1348 செப்டம்பரில் அவர் விடுத்த ஆணை, யூதர்களும் இந்நோயால் இறக்கின்றனர், யூதர்களே வாழாத நாடுகளிலும் இது பரவுகிறது, ஆதலால் அவர்கள் காரணமாக இருக்க இயலாது என வாதிட்டது. மறுஆண்டு சாட்டையடி ஊர்வலங்களையும் அவர் கண்டித்துத் தடைசெய்தார்.

அவருடைய மருத்துவர் கீ த ஷோலியாக்கும் கோள்களின் சேர்க்கையை நம்பியவரே. எனினும் நகரை விட்டு ஓடாமல் நோயாளிகளைக் கவனித்தார். தாமும் நோயுற்றுப் பிழைத்தார். காய்ச்சலும் இரத்தம் கக்குதலும் கொண்ட வடிவம் ஒன்று, அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டிகள் தோன்றும் வடிவம் மற்றொன்று என அவர் பிரித்து எழுதியது, நுரையீரல் பிளேக், நெறிக்கட்டிப் பிளேக் என்ற இன்றைய பாகுபாட்டோடு ஒத்துப்போகிறது.

கிரனடாவின் அமைச்சரும் மருத்துவருமான இப்னு அல்-கதீப் இன்னும் ஒரு படி சென்றார். தொற்று என்பது இல்லை எனப் பொருள்படும் நபிமொழியை மேற்கோள் காட்டிய அறிஞர்கள் நடுவே, நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணி ஆகியவற்றின் வழியாகவும் நோய் பரவுவதையும், விலகி வாழ்ந்தவர்கள் பிழைத்ததையும் சான்றாக முன்வைத்தார். புலன்கள் காட்டும் சான்றுக்கு முரண்படும் மரபுரைக்கு வேறு பொருள் கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்தார். எலியின் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புவதை 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் சோதித்துக் காட்டினார். அதுவரை உண்மைக் காரணம் எவருக்கும் தெரியாது. பாரிஸ் பேராசிரியர், திருத்தந்தை, ஸ்ட்ராஸ்பர்க் கைவினைஞர் அனைவருக்கும் அவ்வறியாமை பொதுவானது. தம் விளக்கத்துக்கு எதிரான சான்றைக் கண்டபோது என்ன செய்தனர் என்பதில்தான் அவர்கள் வேறுபட்டனர். யூதர்களும் சாகிறார்களே என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்க நுண்ணோக்கி தேவைப்படவில்லை. கடனும் பகையும் முந்திக்கொண்ட இடங்களில் அக்கேள்வி எடுபடவில்லை.